தனியர் கடற்பயணமும் காற்றுவழித் தன்னியக்கச் சுக்கானும்: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பாய்மரப்படகை மனிதக் கை தொடாமலே காற்றின் திசைக்கேற்பச் செலுத்தும் கருவி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்றது. எந்திரமோ மின்னாற்றலோ இன்றி இயங்கும் இக்கருவியின் வரலாறு, பெரும்பாலும் பந்தய வெற்றியாளர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. ஜோஷுவா சுலோக்கம் முதல் 1968–69 தங்கக் கோளப் பந்தயம் வரையிலான காலத்தை முதன்மையாகக் கொண்டு, அக்கருவியின் தோற்றம், இயக்கம், பொருத்தும் முறை, முறிவு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காற்றிடமிருந்து ஆணையையும் நீரிடமிருந்து ஆற்றலையும் பெறும் பகுப்பே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பதும், கருவி பழைய பாய்ச் சமநிலை அறிவை அகற்றவில்லை, அதன்மேல் அமர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பாய்மரப்படகு, சுக்கான், காற்றுத் தகடு, ஊசல் துடுப்பு, தனியர் கடற்பயணம், பாய்ச் சமநிலை

1. முன்னுரை

கடலில் தனியே செல்பவரின் முதன்மைச் சிக்கல் புயலன்று, உறக்கம். பெரும்பேரலை என்றோ ஒருநாள் வரும். உறக்கமோ நாள்தோறும் வரும். சுக்கானைப் பிடித்திருப்பவர் அதை விட்டு அகன்றால், பெரும்பாலான படகுகள் சில நிமிடங்களுக்குள் காற்றை நோக்கித் திரும்பும். அல்லது காற்றுக்கு முதுகு காட்டி ஓடிப் பாயை மறுபுறம் வீசியடிக்கும். ஆகவே ஒருவர் பல்லாயிரம் கடல் மைல் தனியே செல்வதென்றால், அவர் உண்ணும்போதும் உறங்கும்போதும் பாயைத் தைக்கும்போதும் படகு தன் வழியைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

இத்தேவைக்கு விடையாக எழுந்ததே காற்றுவழித் தன்னியக்கச் சுக்கான். இன்றும் பெருங்கடல் கடக்கும் சிறுபடகுகள் பலவற்றின் பின்புறத்தில் இதனைக் காணலாம். நிமிர்ந்து நிற்கும் மெல்லிய தகடு ஒன்றும், நீருள் இறங்கிய துடுப்பு ஒன்றும், இவற்றை இணைக்கும் தண்டுகளும், சுக்கான் பிடிக்குச் செல்லும் இரு கயிறுகளுமே அதன் வெளித்தோற்றம். எளிய இவ்வமைப்பு உருப்பெற அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அதற்கான காரணத்தைத் தேடுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். கருவி வந்தபின் பழைய அறிவு என்னவாயிற்று என்பதைக் காண்பது இரண்டாம் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

பழந்தமிழில் கலஞ்செலுத்துவோனைக் குறிக்க நீகான், மீகான், மீகாமன் ஆகிய சொற்கள் உள்ளன. இன்று வழங்கும் ‘சுக்கான்’ அரபு மொழியிலிருந்து வந்தது. இந்தியப் பெருங்கடல் வாணிகம் தமிழுக்குத் தந்த சொற்களுள் ஒன்று. காற்றால் இயங்கும் இக்கருவிக்குத் தமிழில் நிலைபெற்ற பெயரில்லை. ஆதலால் இக்கட்டுரை அதனைத் தன்னியக்கச் சுக்கான் எனவும், காற்றின் திசையை உணரும் பகுதியைக் காற்றுத் தகடு எனவும், நீருள் இறங்கி ஊசல்போல் பக்கவாட்டில் ஆடும் பகுதியை ஊசல் துடுப்பு எனவும், முதன்மைச் சுக்கானின் பின்விளிம்பில் பொருத்தப்படும் சிறு தகட்டை வால்தகடு எனவும் வழங்குகிறது.

இக்கருவி திசைகாட்டியைப் பின்பற்றுவதில்லை, காற்றையே பின்பற்றுகிறது. மேலும், அது பின்பற்றுவது கரையில் நிற்பவர் உணரும் காற்றையன்று. ஓடும் படகின்மேல் நிற்பவர் உணரும் காற்றை. படகின் வேகமும் இயற்கைக் காற்றும் சேர்ந்த விளைவு அது. இதனைத் தோற்றக் காற்று எனலாம். இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படை.

3. கருவிக்கு முன்: பாய்களின் சமநிலை

உலகை முதன்முதலில் தனியே பாய்மரப்படகில் சுற்றியவர் ஜோஷுவா சுலோக்கம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட அவர் 1898 ஜூனில் நியூபோர்ட்டை அடைந்தார். அவருடைய ‘ஸ்பிரே’ என்னும் படகு ஏறத்தாழ 37 அடி நீளமுடையது. அதில் தன்னியக்கச் சுக்கான் எதுவும் இல்லை. எனினும் 1897இல் தர்ஸ்டே தீவிலிருந்து கோக்கோஸ் கீலிங் தீவுகள் வரை ஏறத்தாழ 2,700 மைல் தொலைவை 23 நாள்களில் கடந்தபோது, தாம் சுக்கானருகே நின்றது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இராது என்று தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

இதனைச் சாத்தியமாக்கியது பாய்களின் சமநிலையே. ஸ்பிரேயின் அடிக்கட்டை நீண்டது. படகின் உடல் அகன்றது. பாய்களில் படும் காற்றழுத்தத்தின் மையமும் நீருள் மூழ்கிய உடலின் பக்கத்தடையின் மையமும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு பாய்களைத் திருத்திச் சுக்கானைக் கட்டிவிட்டால், படகு சிறிது விலகினாலும் தானே மீளும். முன்பாயும் பெரும்பாயும் எதிரெதிராக இழுத்து அதனை நடுவழியில் நிறுத்தும்.

இவ்வறிவுக்கு இரு வரம்புகள் இருந்தன. முதலாவது, எல்லாப் படகுகளும் ஸ்பிரே அல்ல. குறுகிய அடிக்கட்டையும் விரைந்து திரும்பும் இயல்பும் கொண்ட படகுகள் கட்டிய சுக்கானுக்குக் கட்டுப்படுவது அரிது. இரண்டாவது, காற்று பின்னிருந்து வரும்போது சமநிலை எளிதில் குலையும். இரண்டாம் வரம்புக்கு விடையாக இரட்டை முன்பாய் முறை பயன்படுத்தப்பட்டது. முன்புறத்தில் இரு பாய்களை இருபுறமும் விரித்து, அவற்றின் கயிறுகளைச் சுக்கான் பிடியோடு இணைத்தால், படகு ஒருபுறம் விலகும்போது மிகுதியாக இழுபடும் பாய் சுக்கானை எதிர்ப்புறம் திருப்பும். பிரெஞ்சு ஓவியர் மரென்-மரீ 1933இல் ‘வின்னிபெல்’ என்னும் படகில் இத்தகைய பாய்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்தார். ஆனால் இம்முறை பின்காற்றுக்கு மட்டுமே உதவியது.

4. காற்றுத் தகட்டின் வருகை

காற்றின் திசையை உணரும் தகட்டைச் சுக்கானோடு இணைக்கும் எண்ணம் பெரிய படகுகளுக்கு முன்பே குளங்களில் ஓடிய மாதிரிப் படகுகளில் செயலுருப் பெற்றது. ஆளில்லாத மாதிரிப் படகு கரையிலிருந்து கரைக்கு நேராகச் செல்ல வேண்டும் என்பதே அங்கு ஆட்டத்தின் விதி. 1930களில் காற்றுத் தகட்டு முறை அவற்றில் பரவியது. சிறு படகில் சுக்கானைத் திருப்பத் தேவையான விசை மிகக் குறைவு. ஆதலால் தகடு நேரடியாகவே சுக்கானை இயக்க முடிந்தது. இதே முறையைப் பெரிய படகுக்குக் கொண்டுசென்றபோதுதான் சிக்கல் எழுந்தது.

மரென்-மரீ 1936இல் ‘அரியெல்’ என்னும் எந்திரப் படகில் நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குத் தனியே வந்தபோது காற்றுத் தகட்டையும் பயன்படுத்தினார். பாய்மரப்படகுகளில் 1955ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் மேஜர் ‘பட்டர்கப்’ என்னும் படகில் ஐரோப்பாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தனியே சென்றபோது, சிறு காற்றுத் தகடு ஒன்று முதன்மைச் சுக்கானின் வால்தகட்டை இயக்கியது. அதே ஆண்டில் மைக்கேல் ஹெண்டர்சன் தம் 17 அடிப் படகில் வேறொரு வழியைக் கையாண்டார். முதன்மைச் சுக்கானை நடுவில் நிறுத்திவிட்டு, தனியான சிறு துணைச் சுக்கானைக் காற்றுத் தகட்டால் திருப்பினார். அக்கருவிக்கு அவர் ‘ஹாரியட்’ என்று பெயரிட்டார். 1957இல் பெர்னார் மொய்த்தெசியே தம் ‘மரீ தெரேஸ் 2’ படகில் வால்தகட்டு முறையைப் பொருத்தினார்.

இவர்களுள் எவரும் பெருங்கப்பல் கட்டும் நிறுவனம் சார்ந்தவரல்லர் என்பது கருதத்தக்கது. பெருங்கப்பலில் சுக்கான் பிடிக்க ஆள்கள் முறைவைத்து நிற்பர். அங்கு இக்கருவிக்குத் தேவையே எழவில்லை. தேவை தனியரிடமே எழுந்தது; ஆகவே புனைவும் அவர்களிடமே நிகழ்ந்தது.

5. 1960: ஒரே பந்தயம், இரு அணுகுமுறைகள்

1960 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு முதலாவது தனியர் அட்லாண்டிக் பந்தயம் தொடங்கியது. ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழ் அதற்கு ஆதரவளித்தது. பிரான்சிஸ் சிசெஸ்டர், பிளாண்டி ஹாஸ்லர், டேவிட் லூயிஸ், வாலன்டைன் ஹாவல்ஸ், ழான் லாக்கோம்ப் ஆகிய ஐவர் பங்கேற்றனர். ஐவரின் படகிலும் ஏதேனும் ஒருவகைத் தன்னியக்கச் சுக்கான் இருந்தது. ஐவரும் கடலைக் கடந்தனர்.

சிசெஸ்டருக்கு அப்போது வயது 58. அவருடைய ‘ஜிப்சி மாத் 3’ ஏறத்தாழ 40 அடி நீளமுடையது. தம் கருவிக்கு அவர் ‘மிராண்டா’ என்று பெயரிட்டார். படகின் பின்புறத்தில் தனிமரம் நட்டு, அதில் ஏறத்தாழ 4 சதுர மீட்டர் பரப்புடைய துணியைக் காற்றுத் தகடாக விரித்து, அதன் திருப்பத்தைக் கயிறுகளால் சுக்கான் பிடிக்குக் கடத்தினார். சுக்கானைத் திருப்பும் முழு உழைப்பையும் காற்றிடமே அவர் கேட்டார். அதனால் தகடு ஒரு சிறு பாயளவுக்கு வளர்ந்தது; அதற்கேற்ற சமநிலை எடையும் வேண்டியிருந்தது. மென்காற்றில் அதற்கு வலுப் போதவில்லை. வன்காற்றில் அதனைக் கட்டுப்படுத்துவது அரிதாயிற்று.

ஹாஸ்லர் இங்கிலாந்துக் கடற்படைக் காலாளர் பிரிவின் அதிகாரியாக இருந்தவர். 1942இல் சிறு துடுப்புப் படகுகளில் போர்தோ துறைமுகத்துக்குள் நுழைந்து பகைக் கப்பல்களைத் தாக்கிய குழுவின் தலைவர். பந்தயம் என்னும் எண்ணத்தை முன்வைத்தவரும் அவரே. அவருடைய ‘ஜெஸ்டர்’ 25 அடிப் படகு. சீன மரபிலான ஒற்றைப் பாய் கொண்டது. கூண்டைவிட்டு வெளியே வராமலே பாயைச் சுருக்கவும் விரிக்கவும் கூடியவாறு அவர் அதனை அமைத்திருந்தார். இப்பந்தயக் காலத்தை ஒட்டி அவர் சோதித்து வளர்த்த ஊசல் துடுப்பு முறையே பின்னாளில் உலகெங்கும் பரவியது.

சிசெஸ்டர் 40 நாள்களில் முதலாவதாக வந்தார். ஹாஸ்லர் 48 நாள்களில் இரண்டாவதாக வந்தார். மக்கள் நினைவில் நின்றது முதலாவது பெயர். ஆனால் மிராண்டா போன்ற பெருந்தகட்டுக் கருவிக்கு வழித்தோன்றல் இல்லை. ஊசல் துடுப்புக்கோ இன்றளவும் வழித்தோன்றல்கள் உண்டு. பந்தயத்தின் வரிசையும் தொழில்நுட்பத்தின் வரிசையும் ஒன்றல்ல என்பதற்கு இது தெளிவான சான்று.

6. ஊசல் துடுப்பின் இயக்கம்

இவ்வேறுபாட்டின் காரணத்தை எளிய கணக்கால் காணலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசும் காற்று, தன் இயக்கத்தால் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 16 நியூட்டன் அழுத்தம் தரும். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் படகைக் கடந்து செல்லும் நீர் அதே பரப்பில் ஏறத்தாழ 3,400 நியூட்டன் அழுத்தம் தரும். வேகம் பாதியாக இருந்தும் நீரின் அழுத்தம் 200 மடங்குக்கு மேல். ஆகவே உழைப்பைக் காற்றிடம் கேட்பவர் தகட்டைப் பெரிதாக்கிக்கொண்டே செல்ல வேண்டும். நீரிடம் கேட்பவருக்குச் சிறு துடுப்பே போதும்.

ஊசல் முறை இவ்வாறு இயங்குகிறது. படகு தன் வழியில் இருக்கும்போது காற்றுத் தகட்டின் விளிம்பு காற்றை நோக்கி நிற்கும். இருபக்க அழுத்தமும் சமமாதலால் தகடு அசையாது. படகு விலகினால் தகட்டின் ஒரு பக்கத்தில் காற்று மிகுதியாகப் படும், தகடு சாயும். அச்சாய்வு தண்டின் வழியே நீருள் உள்ள துடுப்பைத் தன் நெடுக்கச்சில் சில பாகை மட்டும் திருப்பும். இதற்கு மிகச் சிறு விசையே வேண்டும். திரும்பிய துடுப்பின்மேல் ஓடும் நீர் அதனைப் பக்கவாட்டில் வலுவாகத் தள்ளும். துடுப்பு ஊசல்போல் ஒருபுறம் எழும். அவ்வெழுச்சி கயிறுகளை இழுத்துச் சுக்கான் பிடியைத் திருப்பும். படகு வழிக்கு மீண்டதும் தகடு நிமிரும், துடுப்பும் நேராகும்.

ஆணையிடுவது காற்று, உழைப்பது நீர். வேகம் கூடக் கூடத் துடுப்பின் வலுவும் கூடும் என்பது இதன் கூடுதல் நன்மை. சுக்கானுக்கு மிகுந்த விசை வேண்டியிருக்கும் நேரமும் பெரும்பாலும் படகு விரையும் நேரமே. இங்கு ஒரு குறையும் எழுந்தது. திருத்தம் அளவு மீறினால் படகு மறுபுறம் விலகி, வழியின் இருபுறமும் பாம்புபோல் நெளியும். துடுப்பு பக்கவாட்டில் எழும்போதே அதன் திருப்பக் கோணம் தானே குறையுமாறு சாய்பற்சக்கரங்களை அமைத்துப் பிற்காலக் கருவிகள் இதனைத் தணித்தன. கிடையச்சில் சாயும் தகடுகள் நிமிர்ந்த அச்சில் சுழலும் தகடுகளைவிட அதே பரப்பில் மிகுந்த வலுவைத் தந்தமையால் அவையும் இடம்பெற்றன.

7. பொருத்துதலும் பயன்படுத்தலும்

கருவியின் வெற்றி அதன் அமைப்பை மட்டும் சார்ந்ததன்று. படகில் அது பெறும் இடத்தையும் சார்ந்தது. ஊசல் துடுப்பு படகின் பின்புற நடுக்கோட்டில், கலங்காத நீரோட்டத்தில் இறங்க வேண்டும். அதன் தாங்கிகள் கடலின் வீச்சையும் துடுப்பின் இழுப்பையும் ஏற்பதால், பின்சுவரின் உட்புறத்தில் வலுவூட்டும் பலகையோ உலோகத் தகடோ வைத்து மரையாணிகளால் இறுக்கப்படுகின்றன. காற்றுத் தகட்டுக்கு மேலும் சுற்றிலும் தடையிருக்கக் கூடாது. பின்பாய் மரமுடைய படகுகளில் அப்பாயின் அடிக்கழி பின்புறத்தைத் தாண்டி நீள்வதால் இது பெரும் இடையூறாகும்.

சுக்கான் பிடிக்குச் செல்லும் கயிறுகள் குறுகியவையாகவும் நீளாதவையாகவும் இருக்க வேண்டும். அவை கடக்கும் கப்பிகள் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும். கயிற்றின் தளர்வும் கப்பியின் உராய்வும் மென்காற்றில் வரும் சிறு ஆணைகளை விழுங்கிவிடும். நேரடிச் சுக்கான் பிடியுள்ள படகுகளில் இணைப்பு எளிது; சக்கரத்தால் திருப்பப்படும் சுக்கானில் கயிறு சுற்றும் உருளை தேவைப்படுவதோடு இழப்பும் கூடும்.

பயன்படுத்தலில் வரிசை முதன்மையானது. முதலில் பாய்களைத் திருத்திப் படகு கையால் எளிதாகச் செல்லுமாறு செய்தல். அடுத்துக் காற்றுத் தகட்டைத் தோற்றக் காற்றுக்கு நேராக்கல். இறுதியில் கயிற்றைச் சுக்கான் பிடியோடு பூட்டுதல். பாய் மிகுந்து, படகு ஓயாமல் காற்றை நோக்கி இழுக்கும் நிலையில் கருவியைப் பூட்டினால் அது தோற்கும். அத்தோல்வி பெரும்பாலும் கருவியினுடையதன்று, பாயினுடையது. அதாவது சுலோக்கமின் அறிவே கருவியைப் பயன்படுத்துவதற்கான முன்தேவையாக நின்றது.

பின்காற்று இக்கருவியின் மெலிந்த இடம். காற்றின் திசையிலேயே படகு ஓடும்போது தோற்றக் காற்று குறைகிறது, தகடு சோர்கிறது. பேரலையின் முகட்டிலிருந்து படகு விரைந்து சறுக்கும்போது தோற்றக் காற்றின் திசையே சில நொடிகளுக்கு மாறிவிடுகிறது.

8. முறிவுகளின் சான்று

இக்கருவியின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள் பயணிகள் எழுதிய நூல்களும் பயணக் குறிப்பேடுகளுமே. இவற்றை அணுகுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. செவ்வனே இயங்கும் கருவியைப் பற்றி எவரும் நாள்தோறும் எழுதுவதில்லை; முறிந்த நாளில் பக்கம் பக்கமாக எழுதுவர். ஆகவே நூல்களின்வழி மட்டும் நோக்கினால் கருவி இயங்கியதைவிட முறிந்ததே மிகுதி என்று தோன்றும். எனினும் முறிவுப் பதிவுகள் வேறொரு வகையில் மதிப்புடையவை. கருவி இல்லாதபோது பயணி என்ன செய்தார் என்பதை அவையே காட்டுகின்றன.

1964ஆம் ஆண்டின் அட்லாண்டிக் பந்தயத்தில் வென்ற எரிக் தபர்லியின் ‘பென் டுயிக் 2’ படகில் தன்னியக்கச் சுக்கான் எட்டாம் நாளளவில் பழுதடைந்தது. 27 நாள்களில் கடந்த அப்பயணத்தின் பெரும்பகுதியில் அவர் குறுகிய உறக்கங்களோடு தாமே சுக்கானைக் கவனிக்க நேர்ந்தது. கருவியின்றியும் வெல்லலாம் என்பதற்கு இது சான்றாகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் முடியும் பயணத்துக்கும் ஓராண்டை நெருங்கும் பயணத்துக்கும் வேறுபாடு பெரிது.

சிசெஸ்டர் 1966 ஆகஸ்டில் ‘ஜிப்சி மாத் 4’ படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். சிட்னியை அடைய 2,000 மைலுக்கும் மேல் இருக்கையில் அவருடைய தன்னியக்கச் சுக்கான் சரிசெய்ய இயலாதவாறு முறிந்தது. முதலில் அவர் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள ஃபிரீமாண்டிலை நோக்கித் திரும்பினார். பின்னர்ச் சிறு முன்பாய் ஒன்றின் கயிற்றைச் சுக்கான் பிடியோடு இணைத்து, பாயின் இழுப்பே சுக்கானைத் திருத்துமாறு செய்தார். அது பலித்தது, மீண்டும் சிட்னியை நோக்கிச் சென்று, புறப்பட்ட 107ஆம் நாள் அங்குச் சேர்ந்தார். 1960இல் பெருந்தகட்டை நம்பியவர் 1966இல் பாயின் இழுப்புக்குத் திரும்பினார் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது சான்று இந்தியாவோடு தொடர்புடையது. 1968–69 தங்கக் கோளப் பந்தயத்தில் புறப்பட்ட ஒன்பதின்மருள் பயணத்தை நிறைவு செய்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். அவருடைய 32 அடிப் படகான ‘சுஹைலி’ மும்பையில் தேக்கு மரத்தால் இந்தியத் தச்சர்களால் கட்டப்பட்டது. அது இரு பாய்மரங்களுடையது. பின்பாயின் அடிக்கழி பின்புறத்தைத் தாண்டி நீண்டதால் ஒற்றைத் தகட்டை நடுவில் வைக்க இடமில்லை. ஆகவே படகின் இருபுறமும் குழாய்ச் சட்டங்களை நீட்டி, அவற்றின்மேல் இரு தகடுகளை அவர் பொருத்தினார். ‘அட்மிரல்’ என்று அவர் அழைத்த இக்கருவி ஆஸ்திரேலியாவை ஒட்டிய கடற்பகுதியில் முற்றிலும் பயனற்றுப் போயிற்று. 312 நாள் பயணத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதியை, பசிபிக்கையும் ஹார்ன் முனையையும் அட்லாண்டிக்கையும், பாய்களைத் திருத்திச் சுக்கானைக் கட்டியே அவர் கடந்தார். நீண்ட அடிக்கட்டையுடைய சுஹைலி அதற்கு இடங்கொடுத்தது.

இம்மூன்று சான்றுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. கருவி முறிந்தபோது பயணத்தின் தலைவிதியை முடிவு செய்தவை மனித உடலின் தாங்குதிறன், பாய்ச் சமநிலை பற்றிய பழைய அறிவு, அவ்வறிவுக்கு இடங்கொடுக்கும் படகின் வடிவம் என்பவையே.

முறிவுகள் வடிவமைப்பையும் மாற்றின. பிற்கால ஊசல் கருவிகளில் துடுப்பின் மேற்பகுதியில் வேண்டுமென்றே மெலிந்த இணைப்பு ஒன்று வைக்கப்படுகிறது. மிதக்கும் மரமோ வேறு பொருளோ மோதினால் அவ்விணைப்பு மட்டும் முறியும். துடுப்பு தன்னைப் பிணைத்த கயிற்றில் தொங்கும். கருவியின் உடலும் படகின் பின்சுவரும் தப்பும். புதிய இணைப்புக் குழாயைப் பொருத்திப் பயணத்தைத் தொடரலாம்.

9. பரவல், பின்னடைவு, மீள்வரவு

1968ஐ ஒட்டி இக்கருவி தனியரின் கைவினையிலிருந்து விற்பனைப் பொருளாக மாறியது. வைட் தீவின் கௌஸ் நகரில் நிக் ஃபிராங்க்ளின் உருவாக்கிய ‘ஏரீஸ்’ ஊசல் கருவி, இங்கிலாந்தின் ‘ஹைட்ரோவேன்’ துணைச் சுக்கான் கருவி, ஜெர்மனியின் ‘விண்ட்பைலட்’ ஆகியவை அக்காலத்தில் தோன்றின. கலிஃபோர்னியாவின் ‘மானிட்டர்’ பின்னர் வந்தது. இதனால் குடும்பத்தோடு பெருங்கடல் கடக்கும் சிறுபடகினரும் இரவுக் காவலில் சுக்கானைப் பிடித்திருக்கும் சுமையிலிருந்து விடுபட்டனர்.

1970களின் நடுப்பகுதி முதல் சிறுபடகுகளுக்கேற்ற மின்னணுத் தன்னியக்கச் சுக்கான்கள் சந்தைக்கு வந்தன. அவை திசைகாட்டியைப் பின்பற்றின. காற்றில்லாதபோதும் எந்திரத்தோடு இயங்கின. விரைவுப் பந்தயப் படகுகள் அவற்றை ஏற்றன. ஆனால் அவை மின்கலத்தை உண்டன. பழுதானால் நடுக்கடலில் சரிசெய்வது அரிது. காற்றுவழிக் கருவியோ காற்று வலுக்க வலுக்கத் தானும் வலுத்தது. கைக்கருவிகளால் சரிசெய்யக் கூடியதாகவும் இருந்தது.

2018இல் ஐம்பதாண்டு நினைவாகத் தங்கக் கோளப் பந்தயம் மீண்டும் நடத்தப்பட்டபோது, மின்னணுச் சுக்கான்கள் தடைசெய்யப்பட்டுக் காற்றுவழிக் கருவிகளே விதிக்கப்பட்டன. அதில் பங்கேற்ற இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் சுஹைலியின் வடிவிலேயே கட்டப்பட்ட ‘துரியா’வில் சென்றார். தென்னிந்தியப் பெருங்கடலில் செப்டம்பர் 2018இல் புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பில் காயமுற்று மீட்கப்பட்டார். 2022–23 பந்தயத்தில் மீண்டும் பங்கேற்று இரண்டாமிடம் பெற்றார். அப்பந்தயத்தில் வென்ற தென்னாப்பிரிக்கரான கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், தனியர் உலகச் சுற்றுப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் பெண்.

10. கண்ணில்லாக் கருவி

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் முடிக்க இயலாது. கருவி உறக்கத்தைத் தந்தது, விழிப்பைத் தரவில்லை. கடலில் மோதல் தவிர்ப்புக்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளுள் ஐந்தாம் விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் தகுந்த காவல்நோக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. தனியே உறங்கும் பயணி இவ்விதியை நிறைவேற்ற இயலாது. காற்று திரும்பினால் கருவி படகையும் அதனோடு திருப்பும்; முன்னே கரையிருப்பினும் கப்பலிருப்பினும் அதற்குத் தெரியாது. தவறி நீரில் விழுந்தவரைவிட்டுப் படகு தன் வழியில் அமைதியாகச் சென்றுவிடும். கருவி செவ்வனே இயங்குவதே அங்கு இடராகிறது.

பயணிகள் தம் கருவிகளுக்கு மிராண்டா, ஹாரியட், அட்மிரல் என்று ஆள்பெயர் இட்டனர். தனிமையில் அதனை உடன் பணியாளராகக் கருதிய மனநிலை இதில் புலனாகிறது. ஆனால் அப்பணியாளர் நீகான் அல்லர். அகநானூற்றின் 255ஆம் பாடலில் வரும் நீகான், மாடத்தின் விளக்கொளி கொண்டு திசையறிந்து கலத்தைச் செலுத்துபவன். கலஞ்செலுத்துதலில் அறிதலும் உண்டு, திருப்புதலும் உண்டு. தன்னியக்கச் சுக்கான் ஏற்றுக்கொண்டது திருப்புதலை மட்டுமே. அறிதல் மனிதரிடமே தங்கியது.

11. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

தன்னியக்கச் சுக்கான் பெருங்கப்பல் துறையிலிருந்து பிறக்கவில்லை. உறக்கம் வேண்டிய தனியரின் தேவையிலிருந்தும் மாதிரிப் படகு ஆர்வலரின் சோதனைகளிலிருந்தும் பிறந்தது.

அதன் திருப்புமுனை தகட்டைப் பெரிதாக்கியதில் இல்லை. ஆணையையும் ஆற்றலையும் வெவ்வேறு ஊடகங்களிடமிருந்து பெற்றதில் உள்ளது. அவ்வகையில் 1960 பந்தயத்தின் நீடித்த பயன் இரண்டாவதாக வந்த ஹாஸ்லரின் சிந்தனையே.

புதிய கருவி வந்ததும் பழைய அறிவு மறையும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. கருவியைப் பூட்டுவதற்கு முன்னும், அது முறிந்த பின்னும் தேவைப்பட்டது பாய்ச் சமநிலை அறிவே. சுலோக்கமின் 1897ஆம் ஆண்டு அறிவு 1969இல் சுஹைலியைக் கரைசேர்த்தது.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் வெற்றிபெற்ற பயணங்களை மட்டுமன்றி, முறிந்த கருவிகளையும் அம்முறிவுக்குப்பின் மனிதர் எடுத்தாண்ட பழைய வழிகளையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். தமிழகக் கடற்கரையின் கட்டுமரம், தோணி, வத்தை ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கும் இந்நோக்கு பொருந்தும். எந்திரம் வந்தபின் பாய்பற்றிய அறிவு எங்கே தங்கியிருக்கிறது, யாரிடம் தங்கியிருக்கிறது என்னும் வினா, அவ்வறிவுடைய மீனவ முதியோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே கேட்கப்பட வேண்டியது.